சாண்ட் கோன் டெஸ்ட் தொடர்ந்து ஃபெயிலானால் பக்கத்துக் காணியையும் பாருங்கள்

தெமட்டகொடையில் ஒரு உள்வீதி வேலை. கிறவல் படைக்குக் கேட்டது 95% இறுக்கம். சாண்ட் கோன் டெஸ்டில் (தோண்டிய குழியை மணலால் நிரப்பி, மண்ணின் அடர்த்தியைக் கணக்கிடும் சோதனை) 91, 92 தான் வந்தது. அதே இடத்தில் டிசிபி (சுத்தியலால் கூம்பைத் தரைக்குள் அடித்து இறக்கிப் பார்க்கும் கருவி) அடித்தால் மண் நல்ல இறுக்கம். 8 கிலோ சுத்தியல் 575 மில்லிமீற்றர் உயரத்திலிருந்து விழுந்தும் கூம்பு சிரமப்பட்டுத்தான் இறங்கியது.

ஈரப்பதம் சரிபார்த்தோம். ரோலரை மேலும் ஓட்டினோம். புதிய சாம்பிள் எடுத்து ப்ரொக்டர் (மண் எட்டக்கூடிய அதிகபட்ச அடர்த்தியைப் பார்க்கும் ஆய்வுக்கூடச் சோதனை) செய்தோம். மணலைக் காயவைத்துத் திரும்பக் கலிபிரேட் செய்தோம். ஒன்றும் மாறவில்லை, நாட்கள்தான் போயின.

பழைய ஷீட்டுகளில் நேரத்தைப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: இடையிடையே பாஸான சில டெஸ்டுகள் எல்லாம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் செய்தவை. எங்கள் ரோலர் டெஸ்ட் நேரத்தில் எப்போதும் நிற்கும். ஆனால் பக்கத்துக் காணியில் பைல் (அத்திவாரத் தூண்) அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நிறுத்துவது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

அதிர்வில் குழிக்குள் மணல் நெருங்கிப் படிகிறது, அதனால் கூடுதல் மணல் இறங்குகிறது. கணக்கில் குழி பெரிதாகத் தெரியும், மண்ணின் அடர்த்தி குறைந்துவிடும். கொள்ளளவு தெரிந்த கலிபிரேஷன் பாத்திரத்தை அதே தரையில் வைத்து, பைல் அடிக்கும்போது ஒருமுறையும் நின்றபின் ஒருமுறையும் மணல் நிரப்பி எடை பார்த்தேன். அடிக்கும்போது எடை தெளிவாகக் கூடியிருந்தது. என்னைக் கேட்டால், ரோலரைக் கூட்டி ஓட்டுவதற்கு முன் செய்யவேண்டிய சோதனை இதுதான்.

அப்புறம் அவர்களோடு பேசி, பைல் நிற்கும் நேரத்திலேயே டெஸ்டை வைத்தோம். ஃபெயிலான இடங்கள் மறுபடி உருட்டாமலே 96க்கு மேல் வந்தன. அப்பாடா!