விலங்குப் பெயர்களை ஆராயும் தற்காலிக அருங்காட்சியகப் பணி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்துக் கல்லூரிகளில் விலங்கியல் படித்தவர்களில் சிலர், அருங்காட்சியகங்களில் சில மாதங்களுக்கு மட்டும் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்கிறார்கள். ஓர் இனத்துக்கு யார், எந்த ஆண்டில், எந்த மாதிரியை வைத்துப் பெயரிட்டார் என்பதைப் பழைய நூல்களிலும் சேகரிப்பு அலமாரிகளிலும் தேடிப் பதிவுசெய்வதே அவர்களுடைய வேலை. அதில் நேரும் பிழைகளுள் பெரும்பாலானவை சோம்பலால் வருவன அல்ல; கண்ணில் பட்டதை உடனே சரிசெய்துவிட வேண்டும் என்ற நல்லெண்ணத்தால் வருவன. நானும் அதற்கு விலக்கல்லன்.

விலங்கின் அறிவியல் பெயரை அடுத்து எழுதப்படும், பெயரிட்டவரின் பெயரையும் ஆண்டையும் சுற்றியுள்ள அடைப்புக்குறியை வெறும் அலங்காரமாக நினைத்து நீக்குவதும், அழகுக்காக எல்லாப் பெயர்களுக்கும் ஒரே சீராகப் போட்டுவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. நம் கண்மாய்களில் பிடிபடும் விராலுக்குப் பெர்லின் மருத்துவர் புளோக் 1793-இல் இட்ட பெயர் ‘ஒஃபிசெஃபாலஸ் ஸ்டிரையேட்டஸ்’. பிற்பாடு அந்த மீன் ‘சன்னா’ என்ற பேரினத்துக்கு மாற்றப்பட்டதால், இன்று ‘சன்னா ஸ்டிரையேட்டா (புளோக், 1793)’ என்று எழுதுகிறோம். செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது எளிது. நகரத்தார் வீடுகளில் பிள்ளை கூட்டும்போது (அதாவது தத்தெடுக்கும்போது) பையன் வேறு வீட்டுக்குப் போகிறான், விலாசமும் மாறுகிறது. ஆனால் பெற்றவர் யார் என்பது மாறுவதில்லை. இந்தப் பெயர் பிறந்த வீடு வேறு என்பதைத்தான் அடைப்புக்குறி சொல்கிறது. மயிலுக்கு ஸ்வீடன் நாட்டு இயற்கையாளர் லின்னேயஸ் 1758-இல் கொடுத்த ‘பேவோ’ என்ற பேரினம் இன்றும் அப்படியே நிற்பதால், ‘பேவோ கிரிஸ்டேட்டஸ் லின்னேயஸ், 1758’ என்பதில் அடைப்புக்குறி வரக்கூடாது. ‘ஸ்டிரையேட்டஸ்’ என்பது ‘ஸ்டிரையேட்டா’ ஆனதற்குக் காரணம், ‘சன்னா’ என்ற பேரினப் பெயர் பெண்பாலாகக் கொள்ளப்படுவதே. அதைத் தட்டச்சுப் பிழை என்று கருதி மாற்றிவிடக் கூடாது. (உவமையை நெடுந்தூரம் இழுக்கவும் முடியாது. பாட்டனார் பெயரைப் பேரன்மார் அத்தனை பேருக்கும் வைப்பது நம் வழக்கம்; விலங்கியலில் ஒரே பேரினத்துக்குள் இரண்டு இனங்கள் ஒரே பெயரைத் தாங்க முடியாது.)

எழுத்தைத் திருத்துவது இதைவிட ஆபத்தானது. கண்ணாடி விரியனின் சிற்றினப் பெயர் (russelii), இந்தியப் பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரஸ்ஸலைக் (Russell) குறிக்கிறது; அவர் பெயரின் இறுதியில் இரண்டு ‘எல்’ உண்டு, ஆனால் ஷாவும் நோடரும் 1797-இல் வெளியிட்ட பாம்பின் பெயரில் ஒன்றுதான் இருக்கிறது. முதல் வெளியீட்டுக்குள்ளேயே பிழை என்பதற்குச் சான்று இருந்தாலன்றி, வெளியிலிருந்து பெற்ற அறிவைக் கொண்டு மூல எழுத்தை மாற்றக் கூடாது என்பது சர்வதேச விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நிலைப்பாடு. ஆகவே இரண்டாவது ‘எல்’லைச் சேர்த்துவிட்டு நிம்மதியடையக் கை பரபரத்தாலும் விட்டுவிட வேண்டும்.

நூலின் முகப்பை மட்டும் பார்த்து ஆசிரியரை முடிவுசெய்வதும் தவறு. மழைக்காலத்தில் சந்தைக்கு வரும் அயிரையை எடுத்துக்கொள்வோம். அதன் விவரிப்பு வந்த பெருநூல் தொகுதி குவியே, வலன்சியன் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் இருவர் பெயரிலும் அறியப்படுகிறது. ஆனால் குவியே 1832-இல் இறந்துவிட்டார், அயிரை இடம்பெற்ற தொகுதி வெளிவந்ததோ 1846-இல். பெயரிட்டவர் வலன்சியன் ஒருவரே. அந்த மீனின் சிற்றினப் பெயரான ‘தெர்மாலிஸ்’ வெப்பத்தைக் குறிப்பதால், அது வெந்நீரில் வாழும் மீன் என்று குறிப்பெழுதியவர்களும் உண்டு. முதல் மாதிரிகள் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீரூற்றிலிருந்து கிடைத்தவை என்பதே பெயரின் காரணம். நம் ஊர் அயிரை சாதாரணக் கண்மாய்த் தண்ணீரில்தான் புரள்கிறது. பெயரின் பொருளை அகராதியைப் பார்த்து எழுதாமல், மூல நூலின் பக்கத்தைப் பார்த்து எழுத வேண்டும்.

என்னுடைய தவறு ஒரு சீட்டில் நடந்தது. சாராயத்தில் மூழ்கியிருந்த பழைய மீன் குப்பி ஒன்றில் ‘ராம்நாட்’ என்று மட்டும் எழுதியிருந்தது. நான் அதை ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்று பதிவேட்டில் ஏற்றி, சுத்தமான புதுச் சீட்டும் எழுதி உள்ளே போட்டேன். காரைக்குடியை உள்ளடக்கிய சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 1985-இல்தான். அதற்கு முந்திய சீட்டில் வரும் ‘ராம்நாட்’ கீழக்கரையாகவும் இருக்கலாம், காரைக்குடி ஊரணியாகவும் இருக்கலாம். இன்றைய மாவட்டத்தின் பெயரைச் சூட்டியதால், அந்த மீன் செட்டிநாட்டிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பையே நான் பதிவேட்டிலிருந்து அழித்துவிட்டேன். போதாக்குறைக்குப் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியிருந்தேன்; சில நாட்களில் மை கரைந்து, என் சீட்டு நீலக் கறையாக மிதந்தது. பென்சிலால் எழுதப்பட்ட பழைய சீட்டு அப்படியே இருந்தது. நல்லவேளையாக அதை நான் வெளியே எடுத்துவிடவில்லை. சீட்டில் உள்ளதை உள்ளபடியே படியெடுத்து, நம் ஊகத்தைத் தனிப் பத்தியில், நம் பெயரும் தேதியும் இட்டு எழுத வேண்டும்.

ஊரில் வழங்கும் மீன் பெயர்களையும் அறிவியல் வகைப்பாடாகக் கொள்ளக் கூடாது. பனையேறிக் கெண்டை, பெயரில் மட்டுமே கெண்டை. ஆனாலும் மீன்காரர் சொன்ன சொல்லை அவர் சொன்னபடியே, ஊரோடு சேர்த்துக் குறித்துவைப்பது நல்லது.

இன்னும் வெளியிடப்படாத புதுப் பெயரைப் பெருமைக்காக வாட்ஸ்அப்பில் பகிர்வதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூடாது.

கடைசியாக எக்செல். ஒரு கட்டத்தில் ‘புளோக், 1793’ என்று எழுதி, அதன் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால், அடுத்தடுத்த மீன்களுக்கு 1794, 1795, 1796 என்று அதுவே எண்ணிக்கொண்டு போகும். முழுநேர ஊழியராக இருந்தால் அடுத்த ஆண்டு பார்க்கும்போது சிக்கிவிடும். நாம் அதற்குள் ஊருக்குப் பேருந்து ஏறியிருப்போம். ஆகவே ஒவ்வொரு வரியிலும் மூல நூலை நேரில் பார்த்தோமா, பிறர் பட்டியலிலிருந்து எடுத்தோமா என்பதையும், பார்த்த பக்க எண்ணையும் அன்றன்றே எழுதி, கோப்பை நம் சொந்த மடிக்கணினியில் வைக்காமல் அருங்காட்சியகத்தின் கணினியிலேயே விட்டுவர வேண்டும்.