பாரிஸ் மியூசியம் பாஸ்: கொழும்பிலிருந்து போவோர் எப்படித் திட்டமிடுவது?

பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி ஊரைச் சுற்றிப்பார்க்கப் போகிறீர்களா? தங்குமிடச் செலவு மிச்சம். அந்தக் காசில் மியூசியம் பாஸ் ஒன்று எடுத்தால் லூவர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை உட்பட 50க்கும் மேற்பட்ட இடங்களைப் பார்க்கலாம்.

பாஸ் 48, 96, 144 மணி என மூன்று வகை. முதல் வாசலில் ஸ்கேன் செய்த நிமிடத்திலிருந்து நேரம் ஓடத் தொடங்கும். இடையில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் அது நிற்காது. ஓர் இடத்துக்கு ஒரு தடவைதான் போகலாம். ஐஃபிள் கோபுரமும் மெட்ரோவும் இதில் சேராது.

படி 1: கணக்குப் பாருங்கள்

பார்க்க விரும்பும் இடங்களை எழுதி, ஒவ்வொன்றின் டிக்கெட் விலையையும் கூட்டி, பாஸ் விலையோடு ஒப்பிடுங்கள். இங்கே பலரும் தவறுவது, பாரிஸில் இருக்கும் உறவினர் சொல்லும் விலையை நம்புவதில்தான். 2026 ஜனவரி 14 முதல் லூவரில் ஐரோப்பியப் பொருளாதார வலயத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு 32 யூரோ. அங்கே வசிக்கும் உறவினருக்கு 22 யூரோதான். உங்கள் கணக்கில் வரவேண்டியது 32.

18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பாஸ் வாங்கவே வேண்டாம். லூவர், ஓர்சே போன்ற பெரிய இடங்கள் எல்லாவற்றிலும் அவர்களுக்கு இலவசம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டு மட்டும் கையில் இருக்கட்டும்.

படி 2: கிழமை பாருங்கள்

லூவர், ஒரான்ஜெரி, கீமே ஆகிய மூன்று அருங்காட்சியகங்களுக்கும் செவ்வாய் விடுமுறை. ஓர்சே, வெர்சாய், ரொடான், பிக்காசோ திங்களில் மூடியிருக்கும். ஆகவே ஞாயிறு பிற்பகல் 48 மணிப் பாஸைத் தொடங்கினால், திங்களும் செவ்வாயும் பாதி இடங்களின் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டிவரும். மாதத்தின் முதல் ஞாயிறும் வேண்டாம். அன்று ஓர்சே, ஒரான்ஜெரி, கீமே எல்லாருக்கும் இலவசம். பாஸ் நேரம் வீணாகும், கூட்டமும் நெரியும். பழைய பட்டியல்களில் உள்ள பொம்பிடு நவீனக் கலை மையம் திருத்த வேலைக்காக 2030 வரை மூடப்பட்டுள்ளது, அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 3: முதலில் லூவர் நேரம், பிறகு பாஸ்

பாஸ் இருந்தாலும் லூவருக்கு நேரம் முன்பதிவு செய்தாக வேண்டும். லூவரின் சொந்த இணையதளத்தில் போகும் நாளைத் தேர்ந்தெடுத்து, டிக்கெட் வகைகளில் பாரிஸ் மியூசியம் பாஸ் என்பதைத் தேர்ந்தால் கட்டணம் 0 யூரோ என்று காட்டும். பிள்ளைகளுக்கும் அதே நேரத்தில் இலவச டிக்கெட் எடுங்கள். சாந்த் ஷப்பெல் தேவாலயம், வெர்சாய் இரண்டுக்கும் இப்படியே அவற்றின் தளங்களில் நேரம் எடுக்க வேண்டும். விரும்பிய நாளில் லூவருக்கு இடமில்லை என்றால் திட்டத்தையே நகர்த்த வேண்டும். அதனால்தான் விசா கைக்கு வந்து, லூவர் நேரமும் உறுதியான பிறகே பாஸுக்குக் காசு கட்டச் சொல்கிறோம்.

படி 4: வெள்ளவத்தையிலேயே வாங்கி முடியுங்கள்

பாஸை அதிகாரபூர்வ இணையதளத்தில் வாங்கலாம், மின்னஞ்சலில் வந்துவிடும். ஊரில் இருக்கும்போதே வாங்குவது நல்லது. வங்கி அட்டையில் வெளிநாட்டுக் கொடுப்பனவு திறந்திருக்கிறதா என்று முதலில் வங்கியில் கேளுங்கள். ஓடீபி உங்கள் உள்ளூர் இலக்கத்துக்குத்தான் வரும். பாரிஸில் போய் சிம்மை மாற்றிய பிறகு வாங்க முயன்றால் அந்தக் குறுஞ்செய்தி கிடைக்காமல் கொடுப்பனவு அப்படியே நின்றுவிடும். வந்த கோப்பை, ஆளுக்கொரு தாளாக, பக்கத்துக் கொமினிகேஷன் கடையில் பிரின்ட் எடுத்துவிடுங்கள். வாசலில் போன் சார்ஜ் இறங்கினாலும் பயமில்லை. லூவர் முன்பதிவுத் தாளையும் பாஸோடு சேர்த்தே காட்ட வேண்டும்.

படி 5: புதன் பிற்பகல் தொடங்குங்கள்

48 மணிப் பாஸை மூன்று நாட்களுக்கு இழுக்க ஒரு வழி உண்டு. எங்களுக்குப் பிடித்த ஒழுங்கு இது.

புதன் பிற்பகல் 3 மணிக்கு லூவர். அன்று இரவு 9 வரை திறந்திருக்கும், 6 மணி நேரம் தாராளம். பை 55 x 35 x 20 சென்டிமீட்டரை மிஞ்சக்கூடாது.

வியாழன் காலை சாந்த் ஷப்பெல். நீதிமன்ற வளாகத்துக்குள் இருப்பதால் சோதனை கடுமை. சின்னக் கத்தரிக்கோல்கூடப் பையில் இருக்கக்கூடாது. முடிந்ததும் பக்கத்திலேயே கொன்சியெர்ஜரி என்ற பழைய சிறைக்கூடம். மதியத்துக்குப் பிறகு மெட்ரோ 9ஆம் தடத்தில் ஏறி இயெனா நிலையத்தில் இறங்கினால் கீமே ஆசியக் கலைக்கூடம். சுற்றுலாக் குழுக்கள் அதிகம் எட்டிப்பார்க்காத இடம், ஆனால் நம்மவர் தவறவிடவே கூடாது. சோழர் காலத்து நடராசர் வெண்கலச் சிலை அங்கே நிற்கிறது. கொழும்புத் தேசிய அருங்காட்சியகத்தில் பொலன்னறுவை நடராசரைப் பார்த்தவர்கள் திருவாசியின் சுடர்களையும் விரிசடையையும் முயலகன் கிடக்கும் விதத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. கீமே மாலை 6க்கு மூடும். ஓர்சே வியாழனில் இரவு 9.45 வரை என்பதால் அங்கே போக நேரம் இருக்கிறது.

வெள்ளி காலை வெர்சாய். லாச்சப்பலில் இருந்து காரே து நோர் ரயில் நிலையத்துக்கு நடந்து போய், ஆர்இஆர் பி புறநகர் ரயிலில் சாந் மிஷெல் இறங்கி, ஆர்இஆர் சி பிடித்து வெர்சாய் ஷத்தோ ரிவ் கோஷ் வரை போகலாம். காலை 9 மணி நேரத்தைப் பதிவு செய்திருந்தால் அரண்மனையை மதியத்துக்குள் முடிக்கலாம். அதே வளாகத்திலுள்ள திரியனோன் மாளிகைகள் 12 மணிக்குத்தான் திறக்கும். பாஸ் 3 மணிக்கு முடிகிறது, அதற்கு முன் அங்கே ஸ்கேன் செய்துவிடுங்கள். கோடையில் நீரூற்றுக் காட்சி நடக்கும் நாட்களில் தோட்டத்துக்குத் தனி டிக்கெட் கேட்பார்கள், பாஸ் செல்லாது.