லேப் முழுவதற்கும் ஒரே டவுன்லோடு: ஆப்ட்-கேச்சர்-என்ஜி அமைக்கும் முறை

உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) போட்ட 20 கணினிகள் உள்ள ஒரு லேப் என்று வைத்துக்கொள்வோம். அப்டேட் 300 எம்பி வந்தால், ஒவ்வொன்றும் தனித்தனியாக இறக்கி மொத்தம் 6 ஜிபி தீர்ந்துவிடும். அத்தனையும் அதே கோப்புகள்! ஒரு கணினி அவற்றைச் சேமித்து மற்றவற்றுக்குக் கொடுத்தால் இணையத்திலிருந்து 300 எம்பி வந்தாலே போதும். அந்த வேலையைச் செய்யும் மென்பொருள்தான் ஆப்ட்-கேச்சர்-என்ஜி. இணைப்பு மெதுவாக உள்ள பள்ளிகளுக்கு இது பெரிய உதவி.

ஸ்க்விட் என்ற பொதுவான ப்ராக்ஸியை (கணினிக்கும் இணையத்துக்கும் நடுவில் நிற்கும் மென்பொருள்) போடலாமே என்று தோன்றும். நல்ல மென்பொருள்தான். ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ், அதாவது தகவலை மறையாக்கி அனுப்புபவை. உள்ளே என்ன போகிறது என்பதே ப்ராக்ஸிக்குத் தெரியாது, பிறகு எதைச் சேமிப்பது? ஆனால் உபுண்டு, டெபியன் (இன்னொரு லினக்ஸ்) தொகுப்புகளை, அதாவது மென்பொருள் கோப்புகளை, மறையாக்கம் இல்லாத சாதாரண எச்டிடிபியிலேயே இறக்கலாம். அவற்றின் கையொப்பத்தையும் ஹாஷையும் (கோப்பு மாறியதா என்று காட்டும் குறியீடு) அவற்றை நிறுவும் கருவியான ஆப்ட் தானே சரிபார்க்கிறது. வழியில் யாராவது கை வைத்தால் பிடிபட்டுவிடும். அதனால் பயப்பட வேண்டாம்.

சரி, வேலையைத் தொடங்கலாம். கட்டளைகளை ஒலிப்புப்படி தமிழில் தருகிறேன்; டெர்மினலில் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

முதலில் சர்வராகப் போகும் கணினிக்கு மாறாத ஐபி கொடுங்கள். ரவுட்டரிலேயே ஒதுக்கிவிடலாம். நான் 192.168.1.10 என்று எடுத்துக்கொள்கிறேன். பழைய லேப்டாப்பே போதும், ஆனால் டிஸ்க்கில் 30 ஜிபியாவது காலியாக இருக்கட்டும்.

அதில்: சுடோ ஆப்ட் இன்ஸ்டால் ஆப்ட்-கேச்சர்-என்ஜி

நடுவில் எச்டிடிபி டனல் அனுமதிக்கவா என்று கேட்டால் ‘நோ’ கொடுங்கள். நிறுவியதும் தானாகவே 3142 போர்ட்டில் ஓடத் தொடங்கிவிடும். ஃபயர்வால் போட்டிருந்தால் உள் நெட்வொர்க்குக்கு மட்டும் திறந்துவிடுங்கள்:

சுடோ யுஎஃப்டபிள்யு அலவ் ஃப்ரம் 192.168.1.0/24 டு எனி போர்ட் 3142

அப்புறம் மற்ற கணினிகள். ஒவ்வொன்றிலும் இடிசி கோப்புறைக்குள் ஆப்ட், அதற்குள் ஆப்ட்.கான்ஃப்.டி இருக்கும். அங்கே 00ப்ராக்ஸி என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாக்கி இந்த ஒரே வரியை எழுதுங்கள்:

அக்வையர்::எச்டிடிபி::ப்ராக்ஸி "எச்டிடிபி://192.168.1.10:3142";

கடைசியில் உள்ள அரைப்புள்ளி முக்கியம். அதை விட்டுவிட்டு, ஆப்ட் ஏன் பிழை காட்டுகிறது என்று அரைமணி நேரம் தேடியிருக்கிறேன்.

இப்போது ஒரு கணினியில் சுடோ ஆப்ட் அப்டேட், பிறகு சுடோ ஆப்ட் அப்கிரேட். முதல் கணினிக்கு வழக்கமான நேரமே எடுக்கும். இரண்டாவதில்தான் வேகம் தெரியும். உறுதிசெய்ய, சர்வரில் வார், லாக், ஆப்ட்-கேச்சர்-என்ஜி என்று கோப்புறைகளுக்குள் போய் ஆப்ட்-கேச்சர்.லாக் கோப்பைத் திறங்கள். ‘ஐ’ என்ற ஆங்கில எழுத்து உள்ள வரி இணையத்திலிருந்து வந்தது. ‘ஓ’ உள்ளது லேப் கணினிக்குக் கொடுத்தது. இரண்டாவது கணினி அப்கிரேட் ஆகும்போது தொகுப்புகளுக்கு ‘ஓ’ வரிகளே வர வேண்டும். எனக்கு இந்த லாக்கைப் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி.

களஞ்சிய முகவரி (ஆப்ட் தொகுப்புகளை இறக்கும் தளத்தின் முகவரி) எச்டிடிபிஎஸ் என்று தொடங்கினால் அது இந்த வழியாகச் சேமிக்கப்படாது. உபுண்டு முகவரிகளை எச்டிடிபி என்று மாற்றுங்கள். உபுண்டு 22.04-இலும் அதற்குப் பின் வந்தவற்றிலும் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாக (வேறு வகைத் தொகுப்பு) வருகிறது. ஸ்னாப் ஆப்ட் வழியில் வராததால் அதை ஒவ்வொரு கணினியும் நேரடியாகவே இறக்கும்.

லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்துப்போனால் சர்வர் கிடைக்காமல் ஆப்ட் நின்றுவிடும். 00ப்ராக்ஸி கோப்பை நீக்கினால் பழையபடி ஓடும்.