சிறுநீரக மாற்றுக்குப் பிறகு டாக்ரோலிமஸ் மாத்திரையைச் சரியாகச் சாப்பிடுவது எப்படி?

மாற்றுச் சிறுநீரகத்தை அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் பொருத்துவார்கள். பழையவற்றைப் பெரும்பாலும் எடுப்பதில்லை. புதியதை உடல் அந்நியமாகவே பார்க்கும். அந்த எதிர்ப்பை அடக்கத்தான் டாக்ரோலிமஸ்.

சாதாரண வகை (மருந்தை மெதுவாக வெளியிடும் வகை அல்லாதது) என்றால் 12 மணி நேர இடைவெளியில் இருவேளை. சாப்பாட்டுக்கு முன்போ பின்போ, மருத்துவர் சொன்ன முறையை மாற்றாதீர்கள். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பரிசோதனை நாளில் காலை மாத்திரையைக் கையோடு எடுத்துப் போங்கள். ரத்தம் கொடுத்த பிறகே விழுங்குங்கள். பலர் தவறுவது இங்கேதான். முன்பே விழுங்கினால் அளவு அதிகமாகக் காட்டும், அதை நம்பி மாத்திரையைக் குறைத்தால் நிராகரிப்புக்கு, அதாவது உடல் புதிய சிறுநீரகத்தைத் தாக்குவதற்கு, வழி திறக்கும்.

கிளாரித்ரோமைசின் (பாக்டீரியா தொற்றுக்கான மருந்து), ஃபுளுகோனசோல் (பூஞ்சைத் தொற்றுக்கான மருந்து), கிரேப்ஃப்ரூட் பழம் மூன்றும் ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றும். வயிற்றுப்போக்கும் ஏற்றும், அன்றே தெரிவியுங்கள். ரிஃபாம்பிசின் (காசநோய் மருந்து), ஃபெனிடாயின் (வலிப்பு மருந்து) இரண்டும் அளவை இறக்கும். வலிக்கு ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டவே வேண்டாம்.

ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரட்டிப்பாக விழுங்கக் கூடாது.

நிராகரிப்பு பல நேரம் வலியே இல்லாமல், ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏற்றமாக மட்டும் தெரியும். உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள், தயவுசெய்து. சிறுநீர் குறைந்தாலோ, கால் வீங்கினாலோ, காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ விடியும்வரை காத்திருக்காமல் மருத்துவமனையை அழையுங்கள்.