சவரக்கத்தியின் விளிம்பை நுண்ணோக்கியில் பார்ப்பது எப்படி: தோல் வாரில் தீட்டும் முன்பும் பின்பும்

மடக்குச் சவரக்கத்தியைத் தோல் வாரில் தீட்டும்போது விளிம்பில் என்ன நடக்கிறது என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். நிபந்தனை ஒன்றுதான்: தீட்டும் முன் பார்த்த அதே இடத்தை, அதே வெளிச்சத்தில், அதே உருப்பெருக்கத்தில் தீட்டிய பின்பும் பார்க்க வேண்டும். இதில் ஒன்று மாறினாலும் இரண்டு படங்களையும் ஒப்பிடுவதில் பயனில்லை.

கருவி

பள்ளி ஆய்வகங்களில் இருக்கும், கீழிருந்து ஒளி வரும் நுண்ணோக்கி இதற்கு உதவாது. எஃகை ஒளி ஊடுருவாது. மேலிருந்து ஒளி விழும் வகை வேண்டும். எல்இடி விளக்கு பொருத்திய, 60 முதல் 100 மடங்கு பெருக்கும் கையடக்கக் கருவி தொடங்கப் போதும். 200 மடங்கு கிடைத்தால் மிக நல்லது. மலிவான யுஎஸ்பி கருவியின் பெட்டியில் 1000 மடங்கு என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள்.

படி 1: துடைத்து, குறியிடுங்கள்

உலர்ந்த சோப்புத் துணுக்கு, பார்வைக்கு விளிம்பில் விழுந்த பல்லைப் போலவே, அதாவது சில்லு பெயர்ந்த சிறு பள்ளத்தைப் போலவே தெரியும். ஆகவே ஆல்கஹால் தொட்ட மென்துணியால் முதுகிலிருந்து விளிம்பை நோக்கித் துடையுங்கள்; விளிம்பின் நீளவாக்கில் ஒருபோதும் துடைக்கக் கூடாது. பிறகு முதுகின் மீது அடி, நடு, நுனி என மூன்று இடங்களில் மார்க்கர் பேனாவால் கோடிடுங்கள். பின்னால் அதே இடத்துக்குத் திரும்பி வர இவைதான் வழிகாட்டி.

படி 2: கத்தியைச் சமமாக இருத்துங்கள்

பொறுமை அதிகம் தேவைப்படும் படி இது. சவரக்கத்தியின் விளிம்பை ஒட்டி இரு பக்கமும் கல்லில் தீட்டிய குறுகிய சாய்வுப் பட்டைகள் சேரும் கோணம் பொதுவாக 16, 17 பாகை. கத்தியை மேசையில் படுக்க வைத்தால் மேல் பக்கத்துப் பட்டை அந்த அளவுக்குச் சரிந்தே இருக்கும். உருப்பெருக்கம் கூடக் கூட, தெளிவாகத் தெரியும் ஆழம் குறைந்துகொண்டே போகும் என்பதால் பட்டையின் ஒரு ஓரம் தெளிந்தால் மறு ஓரம் மங்கிவிடும். ஒரு பிடி களிமண்ணின் மீது அலகை வைத்து, முதுகு தாழ்ந்து விளிம்பு சற்று உயரும்படி மெல்ல அழுத்துங்கள். களிமண் விளிம்பைத் தொடக் கூடாது. இரு ஓரங்களும் ஒருசேரத் தெளிந்தால் கத்தி சரியாக அமர்ந்துவிட்டது.

படி 3: வெளிச்சம்

மாலை வெயில் உழுத வயலில் குறுக்காக விழும்போது சால்கள் எடுப்பாகத் தெரிவதைப் போல, ஒளி கீறல்களுக்குக் குறுக்காக விழுந்தால்தான் கீறல்கள் தெரியும். சாணைக்கல் விட்ட கீறல்கள் பெரும்பாலும் விளிம்புக்குக் குறுக்காகவோ சற்றுச் சாய்வாகவோ ஓடும். ஆகவே விளிம்பின் நீளவாக்கில் ஒளி அடித்தால் கீறல்கள் துலங்கும். விளிம்பின் எதிரிலிருந்து அடித்தால் கீறல்கள் அடங்கி, விளிம்பின் குறைகள் மின்னும். நமக்கு வேண்டியது இரண்டாவது.

படி 4: தீட்டும் முன்

ஒளியின் அலைநீளம் காரணமாக, நுண்ணோக்கி எவ்வளவு சிறியதைப் பிரித்துக் காட்டும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு என்று 1873-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் ஏபே காட்டினார். மிகச் சிறந்த ஒளி நுண்ணோக்கியிலும் அது சுமார் 0.2 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). நல்ல சவரக்கத்தியின் கூர்முனை அதையொட்டியோ அதற்கும் கீழோ இருக்கும். எனவே கூர்மையைக் கண்ணால் பார்க்கவே முடியாது. மழுங்கிய இடம் ஒளியைத் திருப்பி அனுப்புகிறது, அதைத்தான் பார்க்கிறோம். கூரான இடத்தில் விளிம்பு இருளோடு சென்று முடியும். மழுங்கிய இடத்தில் வெள்ளை இழை ஓடும். பல் விழுந்த இடத்தில் ஒரு புள்ளி மின்னும். கல்லில் தீட்டியபின் எஞ்சிய பிசிறு, விட்டுவிட்டு ஒளிரும் மெல்லிய நூலாகத் தெரியும்.

பல் விழுவது தாடி மயிராலும் நிகழும். எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையான மயிர், சவர அலகின் விளிம்பிலிருந்து சில்லைப் பெயர்க்கக்கூடும் என்று அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் காட்டினார்கள்.

மூன்று இடங்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 5: தீட்டுங்கள்

வாரை இறுக்கிப் பிடித்து, முதுகு முன்னே செல்ல, விளிம்பு பின்னே வர, எடை போடாமல் இழுங்கள். திருப்பும்போது கத்தி முதுகின் மீதே புரள வேண்டும். இரு பக்கமும் சேர்த்து 50 முறை போதும்.

படி 6: தீட்டிய பின்

மீண்டும் துடைத்து, அதே களிமண், அதே ஒளி. வெறும் தோலில் தீட்டியிருந்தால் பட்டையின் கீறல்கள் ஏறத்தாழ அப்படியே இருக்கும். அதைக் கண்டு ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள்; விளிம்பைப் பாருங்கள். ஒளிர்ந்த நூல் பல இடங்களில் அறுந்தோ மறைந்தோ போயிருக்கும். பச்சை நிறக் குரோமியம் ஆக்சைடு பூசிய வாராக இருந்தால் கதை வேறு. தோல் அமுங்கி எழுவதால் விளிம்பை ஒட்டிய குறுகிய பகுதி முதலில் மெருகேறும். அங்கே கீறல்கள் ஆழம் குறைந்து தெரியும்.

மின்னிய புள்ளி அதே இடத்தில் அப்படியே இருந்தால் அது பல்தான். வெறும் தோல் அதை எடுக்காது. கத்தி சாணைக்கல்லுக்குப் போக வேண்டும். முதுகின் குறிகளை அழிக்காமல் வைத்திருங்கள், கல்லிலிருந்து வந்த பிறகும் அதே இடங்களைப் பார்க்கலாம்.