புரையேறினாலும் ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்க வேண்டும்

பேசாத குழந்தையைப் பேச வைப்பவர் என்றுதான் ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பற்றிப் பலரும் நினைக்கிறார்கள். அதனால் பக்கவாதம் வந்த பெரியவருக்கு அவரிடம் என்ன வேலை என்று கேட்டுவிடுகிறார்கள். பேசுவதற்கு உதவும் அதே உதடும் நாக்கும் தொண்டையும்தான் விழுங்கவும் உதவுகின்றன. விழுங்கும் சிரமத்தைக் கவனிப்பதும் அவர் பொறுப்பு.

தண்ணீர் குடித்தால் இருமல், சாப்பிட்டதும் கரகரக்கும் ஈரக்குரல் என்றால், "வயசாச்சு, புரையேறுது" என்று விட்டுவிடாதீர்கள். உணவு மூச்சுக்குழாய்க்குள் போனால் நிமோனியா வரலாம். சிலருக்கு அப்படிப் போகும்போது இருமல்கூட வராது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான். எக்ஸ்ரேயில் தெளிவாகத் தெரியும் பேரியம் என்ற பொருள் கலந்த உணவை விழுங்கச் சொல்லி, அது எந்த வழியில் இறங்குகிறது என்று பார்க்க முடியும். நீர் ஆகாரத்தைக் கெட்டியாக்க வேண்டுமா, எவ்வளவு என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும். பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னதை நீங்களாகச் செய்து பார்க்காதீர்கள். படுக்க வைத்து ஊட்டவும் வேண்டாம்.

பக்கவாதத்துக்குப் பின் சொல் வராமல் தவிப்பவரிடம் சத்தம் போட்டுப் பேசுவது இன்னொரு தவறு. அஃபேசியா எனப்படும் இந்தப் பாதிப்பில் பழுதாவது மொழி; காது கேட்கும், அறிவும் இருக்கும். அவரை வைத்துக்கொண்டே "இவருக்கு ஒன்றும் புரியாது" என்று பேசினால் எவ்வளவு வலிக்கும்! சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். ஆம், இல்லை என்று தலையசைத்தால் போதும் என்கிற மாதிரி கேளுங்கள். பிறகு காத்திருங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் "தானாகப் பேசும்" என்று காத்திருப்பதுதான் பெரிய தவறு. 2 வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துச் சொல்லவில்லை என்றால் போய்ப் பாருங்கள். முதலில் காது கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்வார்கள். வீட்டில் இரண்டு மொழி பேசுவதால் இந்தத் தாமதம் வருவதில்லை. படம் காட்டிப் பேசும் பலகையோ கருவியோ கொடுத்தால் குழந்தை அதோடு நின்றுவிடும் என்று பயந்து மறுக்கிறார்கள். அந்தப் பயமும் தேவையற்றது.

திக்கிப் பேசுபவரின் வாக்கியத்தை நீங்கள் முடித்து வைக்காதீர்கள். "மெதுவாப் பேசு" என்ற அறிவுரையும் அவரை இன்னும் பதற வைக்கும்.

வாரத்தில் ஓரிரு மணி நேரம் தெரபியில் விட்டுவிட்டு மற்ற நாளெல்லாம் சும்மா இருந்தால் பலன் குறைவு. ஒவ்வொரு முறையும் கிளம்பும் முன், அடுத்த முறை வரும்வரை வீட்டில் என்ன பயிற்சி, எத்தனை தடவை என்று கேட்டு, தெரபிஸ்ட் முன்னால் ஒருமுறை செய்தும் காட்டுங்கள்.