அமெரிக்கக் குடியுரிமையை விடப்போகிறீர்களா? முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள்

அமெரிக்க பாஸ்போர்ட் இருந்தால் சென்னையில் குடியிருந்தாலும் சிங்கப்பூரில் குடியிருந்தாலும் வருடா வருடம் ஐஆர்எஸ்ஸுக்கு, அதாவது அமெரிக்க வரித்துறைக்கு, கணக்குக் காட்டியே ஆக வேண்டும். "இந்தத் தொல்லையே வேண்டாம், குடியுரிமையை விட்டுவிடுகிறேன்" என்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்களுக்கு உண்மையில் எவ்வளவு வரி வருகிறது? அதைக் கணக்குப் போட்டே பார்க்காமல் பலர் முடிவெடுத்துவிடுகிறார்கள். அது சரியில்லை.

இந்தியாவில் நல்ல சம்பளம் வாங்குகிறவர் இங்கே கட்டிய வருமான வரியை அங்கே கழித்துக்கொள்ளலாம். பெரும்பாலும் அங்கே கட்ட வேண்டியது ஒன்றும் மிஞ்சாது. மிஞ்சுவது காகித வேலைதான்: 1040 படிவம் (வருடாந்தர வரி ரிட்டர்ன்), அப்புறம் எஃப்பார் (வங்கிக் கணக்குகளைத் தெரிவிக்கும் அறிக்கை). அமெரிக்காவுக்கு வெளியே உள்ள வங்கிக் கணக்குகள் எல்லாவற்றையும் சேர்த்து வருடத்தில் ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் எஃப்பார் போட வேண்டும், அம்மாவோடு சேர்ந்து வைத்திருக்கும் ஜாயின்ட் அக்கவுன்ட்டும் இதில் சேரும்.

உண்மையில் அடிபடுகிறவர்கள் வேறு. இந்திய மியூச்சுவல் ஃபண்டில் பணம் போட்டவர்களுக்குத் தனி விதி, வரியும் கடுமை, ஃபண்டுக்கு ஒரு 8621 படிவம். ஃப்ரீலான்ஸ் செய்பவருக்கு 15.3 சதவீத சுயதொழில் வரி வரும், ஏனென்றால் சமூகப் பாதுகாப்புக்கான ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் இடையில் இல்லை. துபாயில் வருமான வரியே கிடையாது, அதனால் கழிக்கவும் ஒன்றும் இருக்காது. சம்பளத்தில் 2025-க்கு 1,30,000 டாலர் வரை விலக்கு உண்டு, ஆனால் வாடகைக்கும் வட்டிக்கும் டிவிடெண்டுக்கும் அந்த விலக்கு பொருந்தாது. இதில் எதுவுமே உங்களுக்குப் பொருந்தாவிட்டால், ஒரு நல்ல ஆடிட்டருக்கு வருடா வருடம் காசு கொடுத்துவிட்டு பாஸ்போர்ட்டை வைத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து.

சரி, விடுவதென்றே முடிவானால், முதலில் கையில் இன்னொரு குடியுரிமை வேண்டும். ஓசிஐ (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) குடியுரிமை ஆகாது, தயவுசெய்து இதில் ஏமாறாதீர்கள். ஓசிஐயாகப் பதிவு செய்து 5 வருடம் ஆகியிருந்து, விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் இந்தியாவில் வசித்திருந்தால் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் ஏற்கப்பட்டதென்று எழுத்தில் கையில் கிடைக்காமல் அமெரிக்கத் தூதரகத்துக்குப் போகாதீர்கள், இல்லாவிட்டால் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாமல் நிற்க நேரும்.

அடுத்து, விடுவதற்கு முந்தைய 5 வருட வரிக் கணக்குகள் சுத்தமாக இருக்க வேண்டும். இத்தனை வருடம் தாக்கல் செய்யாமலே இருந்துவிட்டேன் என்பவர்களும் பயப்பட வேண்டாம். வேண்டுமென்றே மறைக்காதவர்களுக்கு ஸ்ட்ரீம்லைண்ட் என்று ஒரு வழி இருக்கிறது: 3 வருட ரிட்டர்ன், 6 வருட எஃப்பார், வெளிநாட்டில் வசிப்பவர்களுக்கு அபராதம் இல்லை. ஆனால் 5 வருடக் கணக்கும் ஒழுங்காக இருக்கிறது என்று, குடியுரிமையை விடுபவர்கள் ஐஆர்எஸ்ஸுக்குக் கொடுக்கும் 8854 படிவத்தில் உறுதி சொல்ல வேண்டியிருப்பதால், மீதி 2 வருடத்தையும் சேர்த்தே முடித்துவிடுங்கள்.

இந்த 8854-தான் முக்கியம். மூன்றில் ஒன்று பொருந்தினாலும் நீங்கள் 'கவர்டு எக்ஸ்பேட்ரியேட்', அதாவது வெளியேறும்போது தனி வரி விதிகளில் சிக்குகிறவர். சொத்து மதிப்பு 20 லட்சம் டாலரோ அதற்கு மேலோ இருப்பது. கடந்த 5 வருட சராசரி வருமான வரி (வருமானம் இல்லை, வரி) வரம்பைத் தாண்டுவது, 2025-ல் அது 2,06,000 டாலர். அந்த 5 வருட உறுதியைக் கொடுக்காமல் விடுவது. மூன்றாவதில்தான் சாதாரண ஆட்கள் மாட்டுகிறார்கள். சொத்து குறைவுதானே என்று படிவத்தைப் போடாமல் விட்டால் பெரும் பணக்காரருக்கான விதி உங்கள் தலையிலும் விழும், 10,000 டாலர் அபராதமும் வரலாம். சென்னையில் ஒரு வீடு, ஊரில் கொஞ்சம் நிலம், அமெரிக்காவில் 401கே (ஓய்வுக்காலச் சேமிப்பு) என்று கூட்டினால் 20 லட்சம் எட்டாத தொகை இல்லை, ஆகவே மதிப்பீட்டை எழுத்தில் வாங்கி வையுங்கள்.

அந்த வகையில் விழுந்தால், விடும் தேதிக்கு முந்தின நாள் உங்கள் சொத்தையெல்லாம் விற்றுவிட்டதாகவே வைத்து லாபத்துக்கு வரி போடுவார்கள். 2025-ல் முதல் 8,90,000 டாலர் லாபத்துக்கு விலக்கு. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறொன்று: பிள்ளைகள் அமெரிக்காவிலேயே இருந்தால், பிற்காலத்தில் நீங்கள் கொடுக்கும் அன்பளிப்புக்கும் விட்டுப்போகும் சொத்துக்கும், வருடாந்தர விலக்குக்கு மேல், அவர்கள் 40 சதவீதம் வரி கட்ட வேண்டிவரும். விடுவதற்கு முன்பே கணவருக்கோ மனைவிக்கோ சட்டப்படி சொத்தை மாற்றிக் கொடுத்து வரம்புக்குக் கீழே வரலாம். அமெரிக்கக் குடிமகன் அல்லாத துணைக்கு 2025-ல் 1,90,000 டாலர் வரை அன்பளிப்பு வரி இல்லாமல் கொடுக்கலாம். ஆனால் கொடுத்தது கொடுத்ததாக இருக்க வேண்டும், பெயருக்கு மாற்றுவது ஆபத்து.

தூதரக வேலை இதைவிட எளிது. அமெரிக்காவுக்கு வெளியே, நேரில், அதிகாரி முன்னால் உறுதிமொழி எடுக்க வேண்டும், தபாலில் முடியாது. டிஎஸ்-4080, 4081 படிவங்கள் அங்கே கையெழுத்தாகும். கட்டணம் 2014-ல் 2,350 டாலராக ஏறியது, அதை 450 ஆகக் குறைக்க 2023-ல் முன்மொழிந்தார்கள், ஆகவே நாள் குறிக்கும்போது தூதரகத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குடியுரிமை போய்விட்டது என்ற சான்றிதழ் கைக்கு வரத் தாமதமாகும், ஆனால் அது வந்துவிட்டால் வரிக்கு உறுதிமொழி எடுத்த தேதிதான் கணக்கு. பிள்ளைகளுக்காகப் பெற்றோர் விட முடியாது. ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால் பொய் சொல்லாதீர்கள்: வரியைத் தவிர்க்க விட்டவர்களை உள்ளே விடக்கூடாது என்று 1996-ல் வந்த சட்டம் இன்னும் இருக்கிறது, மிக அரிதாகவே பயன்பட்டாலும்.

கிரீன் கார்டுக்காரர்களும் இதைப் படிக்க வேண்டும். கடைசி 15 வருடத்தில் 8 வருடம் கார்டு வைத்திருந்தால், அதைத் திருப்பிக் கொடுக்கும்போது இதே விதிகள்தான். வருடத்தில் ஒரு நாள் கார்டு கையில் இருந்தாலும் அது ஒரு வருடம். எட்டாவது வருடம் தொடங்குவதற்கு முன் கார்டைத் திருப்பிக் கொடுப்பதற்கான ஐ-407 படிவத்தைக் கொடுத்துவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை, தேதியை இன்றே எண்ணிப் பாருங்கள்.